சிலந்தி வந்தாளா, வந்ததா? அண்மையில் படித்த ஏழு நாவல்கள்

கேள்வி இதுதான்: "சமீபத்தில் நீங்கள் படித்த சயின்ஸ் ஃபிக்‌ஷன், ஃபேன்டசி நாவல்களில் எவை உண்மையிலேயே படிக்கத் தகுந்தவை? சுஜாதாவோடு நின்றுவிட்ட ஒருவர் எதில் தொடங்கலாம்?"

போன தீபாவளிக்குப் பிறகு ஏழு நாவல்கள் படித்திருக்கிறேன். அவற்றில் இரண்டு மறுவாசிப்பு. எல்லாமே ஆங்கிலத்தில்தான். ஆனால் படிக்கும்போதே மனதுக்குள் தமிழில் சொல்லிப் பார்ப்பது என் நெடுநாள் பழக்கம். அப்படிச் சொல்லும்போது இந்த வகை நாவல்களில் ஒரு இடத்தில் எப்போதும் தடுக்கும். மனிதரல்லாத ஒரு உயிர் கதைக்குள் வருகிறது. அது வந்ததா, வந்தாளா, வந்தாரா? ஆங்கிலத்தில் பிரதிப்பெயரை மட்டும் கவனித்தால் போதும். தமிழில் ஒவ்வொரு வினைமுற்றிலும் நாம் முடிவெடுத்தாக வேண்டும்.

"உயர்திணை என்மனார் மக்கட் சுட்டே, அஃறிணை என்மனார் அவரல பிறவே" என்று தொல்காப்பியம் கோடு போட்டது. நன்னூல் கோட்டைக் கொஞ்சம் தள்ளிவைத்து, "மக்கள் தேவர் நரகர் உயர்திணை" என்றது. கோட்டைத் தாண்டவும் அதே நன்னூல் வழி சொல்கிறது: "உவப்பினும் உயர்வினும் சிறப்பினும் செறலினும் இழிப்பினும் பால்திணை இழுக்கினும் இயல்பே." பசுவைப் பார்த்து "என் அம்மை வந்தாள்" என்று ஒருவர் சொன்னால் அது பிழையில்லை, உவப்பினால் வந்த திணை மயக்கம். பள்ளியில் மதிப்பெண்ணுக்காகப் படித்த இந்த நூற்பா இந்த ஏழு நாவல்களை எடைபோட எனக்கு அவ்வளவு உதவியது. எந்தப் பக்கத்தில் 'அது' என் வாயில் 'அவள்' ஆனது, எதனால் ஆனது என்று பார்த்துக்கொண்டே வந்தேன். சுஜாதாவின் ஜீனோ என்ற இயந்திர நாயை நேசித்துப் படித்தவர்களுக்கு நான் சொல்வது சட்டென்று புரியும்.

முதலில் ஏட்ரியன் சாய்கோவ்ஸ்கியின் 'சில்ட்ரன் ஆஃப் டைம்'. 2015இல் வந்தது, 2016இல் ஆர்தர் சி. கிளார்க் விருது வாங்கியது. இந்த ஏழில் என்னை அதிகம் ஆட்டிவைத்தது இதுதான். ஏவ்ரானா கெர்ன் என்ற விஞ்ஞானி, மனிதர் வாழத்தக்கதாக மாற்றப்பட்ட ஒரு கிரகத்தில் குரங்குகளை இறக்கி, பரிணாமத்தை விரைவாக்கும் ஒரு வைரஸை அவற்றுக்குக் கொடுக்கத் திட்டமிடுகிறார். சதியில் குரங்குகள் அழிந்துவிடுகின்றன. வைரஸ் மட்டும் தரைக்குப் போய்ச் சேர்கிறது. அது பற்றிக்கொள்வது தாவும் சிலந்திகளை.

சாய்கோவ்ஸ்கி கல்லூரியில் விலங்கியல் படித்தவர். அது ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது. அவர் தேர்ந்தெடுத்த போர்ஷியா லேபியேட்டா கற்பனைச் சிலந்தி இல்லை. இந்தியாவிலும் இலங்கையிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் நிஜமாகவே வாழ்வது. மற்ற சிலந்திகளை வேட்டையாடித் தின்னும். அடுத்தவர் வலையின் ஓரத்தில் நின்றுகொண்டு, சிக்கிய பூச்சி துடிப்பதுபோல நூலை அதிரவைத்து, வலைக்குச் சொந்தக்காரியை ஏமாற்றி வரவழைக்கும். இரைக்கு நேர்வழி சரியில்லையென்றால், இரை கண்ணில் படாத சுற்றுப்பாதையில் போய் மேலிருந்து இறங்கும். குண்டூசித் தலையளவுகூட வராத மூளையில் இவ்வளவு திட்டம். நாவல் இந்த உண்மையிலிருந்து ஒரு படி மட்டும் மேலே ஏறுகிறது: வேட்டைக்குப் போகும் ஒரு போர்ஷியா தன் இனத்து ஆண் ஒன்றைப் பார்க்கிறது. இரையாகப் பார்க்காமல், கூட்டாளியாகப் பார்க்கிறது. அந்த இடம்வரை எனக்கு 'அது'தான்.

அதற்குப் பிறகு எத்தனையோ தலைமுறைகள். போர்ஷியா, பியாங்கா, ஃபேபியன் என்ற அதே பெயர்கள் ஒவ்வொரு தலைமுறையிலும் திரும்பி வருகின்றன. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் ஊரில் பிறந்த நமக்கு இது குழப்பமே தராது. நூலின் அதிர்வுதான் அவர்கள் பேச்சு. எறும்புக் கூட்டங்களை வாசனையால் ஏவி வேலை வாங்குகிறார்கள், கணக்குப் போடக்கூட. கற்றதை உடம்பு வழியாகப் பிள்ளைகளுக்குக் கடத்துகிறார்கள். வானத்தில் சுற்றிவரும் கெர்னின் விண்கலம் கணக்குப் புதிர்களை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. கீழே அதைச் சுற்றி ஒரு மதமே உருவாகிவிடுகிறது. இந்தச் சமூகத்தில் பெண்தான் பெரியவள். ஆணைக் கொன்று தின்றால் கேட்பாரில்லை. அந்த நிலையில் ஃபேபியன் என்ற ஆண், பெரிய கண்டுபிடிப்பொன்றைச் செய்துவிட்டு, அதற்கு விலையாகத் தன் இனத்து ஆண்களுக்கு உயிர் வாழும் உரிமையைக் கேட்கிறான். "கேட்கிறான்" என்று எழுதிவிட்டேன், பாருங்கள். அந்த அத்தியாயத்துக்கு வந்தபோது என் மனதில் 'அது' இல்லவே இல்லை. உவப்பினாலும் இல்லை, உயர்வினாலும் இல்லை. சிலந்தியை யாரும் எனக்குச் செல்லமாக்கிக் காட்டவில்லை. இன்னமும் எட்டுக் கால், இன்னமும் இரையின் சாறை உறிஞ்சும் வாய். ஆனாலும் ஃபேபியன் உயர்திணை. இழுக்கு என்று எதுவும் நடக்கவில்லை, கோடே நகர்ந்துவிட்டது.

குறையும் உண்டு. மனிதர்களின் கடைசிக் கப்பலான கில்காமேஷில் நடக்கும் பாதி, சிலந்திகளின் பாதிக்கு ஈடாக இல்லை. ஹோல்ஸ்டன் என்ற மொழி, வரலாற்று அறிஞர் ஒவ்வொரு முறை உறைதூக்கத்திலிருந்து எழும்போதும் ஒரு புதுக் கலகம் காத்திருக்கிறது. நடுவில் அலுத்தது. ஆனால் அவர் தூங்கும் காலத்தில் பொறியாளர் லெய்ன் விழித்திருந்து மூப்படைவதும், அடுத்த முறை பார்க்கும்போது இருவருக்கும் நடுவே பல ஆண்டுகள் நிற்பதும் மனதைப் பிசைந்தன. முடிவைச் சொல்லமாட்டேன். அதைப் படித்த இரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

இதற்கு நேரெதிரான வழியில் போவது ஆண்டி வீரின் 'பிராஜக்ட் ஹெய்ல் மேரி' (2021). சூரியனின் ஒளியைத் தின்னும் நுண்ணுயிர் ஒன்றால் பூமி குளிர்ந்து சாகப்போகிறது. அந்த நோய் தொடாத ஒரே அண்டை நட்சத்திரம், 12 ஒளியாண்டுக்குச் சற்றுக் குறைவான தொலைவில் உள்ள டௌ செட்டி. காரணம் தேடிப் போன கப்பலில், நினைவிழந்து கண் விழிக்கிறார் ரைலண்ட் கிரேஸ். முன்னாள் பள்ளி அறிவியல் ஆசிரியர். அங்கே அவர் சந்திப்பது ராக்கி. ஐந்து கால், கல் போன்ற ஓடு, கண் கிடையாது, ஒலியாலேயே உலகைப் பார்ப்பது, இசைச் சுரங்களின் அடுக்கில் பேசுவது. அதன் ஊர்க் காற்று அமோனியா, நம் காற்றழுத்தத்தைப்போல 29 மடங்கு. ஒரே அறையில் இருந்தால் இருவரில் ஒருவர் செத்துவிடுவார். நடுவில் சுவரை வைத்துக்கொண்டே எண்ணில் தொடங்கி ஒரு மொழியைக் கட்டுகிறார்கள்.

அந்தப் பகுதி எனக்கு மிகவும் பிடித்தது. ஒருவர் தூங்கும்போது இன்னொருவர் காவல் இருந்து பார்த்துக்கொள்வது ராக்கியின் ஊர் வழக்கம். தன் கப்பலில் எல்லோரும் இறந்தபின் அவன் நெடுங்காலம் யாரும் பார்க்காமல்தான் தூங்கியிருக்கிறான் என்று புரியும் இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது. சரி, அப்படியிருந்தும் இதை நான் முதலிடத்தில் வைக்காததற்குக் காரணம், ராக்கி அவ்வளவு சீக்கிரம் நண்பனாகிவிடுவதுதான். உடம்பு வேறு, வேதியியல் வேறு. ஆனால் மனம் நம் பக்கத்து வீட்டு நல்ல பையன் மனம். நாம் ராக்கியை 'அவன்' என்பது பசுவை 'அம்மை' என்பதுபோல உவப்பினால்தான். நாவலின் எல்லாச் சிக்கலும் ஒரு கணக்கில் தீர்ந்துவிடுவதும் பிற்பாதியில் களைப்புத் தந்தது. ஆனால் அறிவியல் என்பது செய்து பார்ப்பது, தப்பாவது, மறுபடி செய்வது என்று இவ்வளவு ஆர்வத்தோடு காட்டும் நாவல் அபூர்வம். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தயங்காமல் கொடுக்கலாம்.

இந்த இரண்டையும் முடித்துவிட்டு ஸ்தனிஸ்வாஃப் லெமின் 'சோலாரிஸ்' (1961) நாவலை மறுபடி எடுத்தேன். போலிஷ் மொழி நாவல். ஒரு கிரகத்தை மூடிக்கிடக்கும் கடல் முழுவதும் ஒரே உயிர். மனிதர்கள் பல தலைமுறைகளாக அதை ஆராய்ந்து நூலகம் நூலகமாக எழுதிக் குவித்திருக்கிறார்கள். ஒன்றும் விளங்கவில்லை. அந்த நூலகத்தைப் பற்றிய அத்தியாயங்களைத் தாண்டிப் போகிறவர்கள் அதிகம். தயவுசெய்து தாண்டாதீர்கள், நாவலின் உயிர் அங்கேதான் இருக்கிறது. கோட்பாடு மேல் கோட்பாடு எழும்பி, ஒவ்வொன்றும் கடலைப் பற்றி எதையும் சொல்லாமல் அதை எழுதியவரைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டுச் சரிகிறது. நமக்குப் பிற உலகங்கள் வேண்டாம், கண்ணாடிதான் வேண்டும் என்ற பொருளில் ஸ்னவுட் என்ற பாத்திரம் பேசும் இடம் ராக்கிக்குச் சரியான எதிர்வாதம். இந்தக் கடலை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை 'அது' என்றுதான் சொல்ல முடிந்தது. தாழ்வாக நினைத்துச் சொன்ன 'அது' இல்லை. எந்தத் திணைக்குள்ளும் அடங்காததால் சொன்னது.

அதே நாவலில் ஹேரியும் இருக்கிறாள். பல ஆண்டுகளுக்கு முன் தற்கொலை செய்துகொண்ட மனைவி, ஆய்வுநிலையத்துக்கு வந்த விஞ்ஞானி கெல்வினின் கட்டிலருகே ஒரு காலையில் வந்து உட்கார்ந்திருக்கிறாள். கடல் அவன் நினைவிலிருந்து செய்து அனுப்பியது. முதலில் வந்தவளை அவன் ராக்கெட்டில் ஏற்றி வெளியே அனுப்பிவிடுகிறான், ஒரு பொருளைத் தூக்கி எறிவதுபோல. அடுத்து வந்தவளோ, தான் ஹேரி இல்லை என்பதைத் தானே கண்டுபிடித்து, அந்த அறிவோடு என்ன செய்வது என்று தானே முடிவெடுக்கிறாள். அவளை அவளாக்குவது கெல்வினின் அன்பு இல்லை, அந்த முடிவு. இருபது வயதில் படித்தபோது இதைக் காதல் கதையாக மட்டுமே பார்த்தேன். மொழிபெயர்ப்பு பற்றி ஒரு வார்த்தை: 1970இல் வந்த பழைய ஆங்கில வடிவம் பிரெஞ்சு வழியாகச் செய்யப்பட்டது. போலிஷிலிருந்து நேராக பில் ஜான்ஸ்டன் செய்தது 2011இல்தான் வந்தது. கிடைத்தால் அதையே படியுங்கள்.

லியூ சிஷினின் 'த்ரீ பாடி பிராப்ளம்' பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சீனத்தில் 2006இல் தொடராக வந்தது. 2014இல் கென் லியூவின் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளியாகி, அடுத்த ஆண்டே ஹியூகோ விருது பெற்றது. பண்பாட்டுப் புரட்சிக் காலத்தில், தந்தை கண் முன்னால் அடித்துக் கொல்லப்படுவதைப் பார்க்கும் யே வென்ஜியே, பிற்பாடு மனித இனத்தின் மேலேயே நம்பிக்கை இழப்பது அருமையாக எழுதப்பட்டிருக்கிறது. அவரைத் தவிர மற்றவர்கள் கருத்துச் சொல்ல வந்து நிற்கும் ஆட்கள். வேற்றுலகத்தாரோ நம் ஊர் அதிகாரிகள் போலவே பேசுகிறார்கள். மூன்று சூரியன்களுக்கு நடுவே, உடம்பை உலர்த்திச் சுருட்டிவைத்துப் பிழைக்கும் இனத்துக்கு இன்னும் வேறான மனம் வேண்டாமா? ஆனால் கடைசிப் பகுதியில் அவர்கள் மனிதர்களுக்கு அனுப்பும் "நீங்கள் பூச்சிகள்" என்ற செய்தி சுரீரென்றது. நன்னூல் சொன்ன 'இழிப்பு' இந்த முறை நம் பக்கம் திரும்புகிறது. அதற்குப் பதிலாக ஒரு போலீஸ்காரர், சோர்ந்துபோன இரண்டு விஞ்ஞானிகளை வயலுக்குக் கூட்டிப்போய் வெட்டுக்கிளிகளைக் காட்டுகிறார். மனிதன் எத்தனை மருந்தடித்தும் தோற்கடிக்க முடியாத பூச்சிகளை.

திணையைவிடப் பால்தான் சிக்கல் என்றால் அர்சுலா லெ குவினின் 'லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னெஸ்' (1969). இது இன்னொரு மறுவாசிப்பு. கெத்தன் என்ற பனிக்கிரகத்து மனிதர்களுக்கு நிலையான பால் இல்லை. மாதத்தில் சில நாள் மட்டும் ஆணாகவோ பெண்ணாகவோ மாறுவார்கள். ஒரே ஆள் ஒரு பிள்ளைக்குத் தாயாகவும் இன்னொரு பிள்ளைக்குத் தந்தையாகவும் இருக்கலாம். அரசருக்கே கர்ப்பம் என்பது அங்கே சாதாரணச் செய்தி. பூமியிலிருந்து தூதராகப் போன கென்லி ஐ இதைப் புரிந்துகொள்ள முடியாமல், தன்னைக் காப்பாற்றக்கூடிய ஒரே நண்பரான எஸ்ட்ராவெனைச் சந்தேகித்துக்கொண்டே இருக்கிறார்.

லெ குவின் எல்லோரையும் ஆங்கிலத்தின் ஆண்பால் பிரதிப்பெயரால் குறித்தார். அதற்காக நிறைய விமர்சனம் வந்தது. 1976இல் ஒரு கட்டுரையில் தன் தேர்வுக்காக வாதாடினார்; 1987இல் அதே கட்டுரைக்குக் குறிப்புகள் எழுதி, விமர்சனத்தில் நியாயம் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். தன் எழுத்தைத் தானே இப்படித் திரும்பிப் பார்க்கும் நேர்மைக்காகவே அவர்மேல் எனக்குப் பெருமதிப்பு. ஆனால் தமிழில் சொல்லிப் பார்த்தால் இந்தச் சிக்கல் எழவே இல்லை. நம்மிடம் 'அவர்' இருக்கிறது. "அவர் வந்தார்" என்றால் ஆணா பெண்ணா என்று யாரும் சொல்ல முடியாது. அரசர், பிரதமர், தூதர் எல்லாம் தானாக வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். இந்த நாவல் தமிழுக்காகவே எழுதப்பட்டதோ என்று பாதிவரை மகிழ்ந்துகொண்டிருந்தேன்.

பனிப்பாறை அத்தியாயங்கள் வந்தன. இருவரும் ஒரே கூடாரம், ஒரே அடுப்பு, ஒரே சறுக்குவண்டியோடு எண்பது நாள் அளவில் பனிப்படலத்தைக் கடக்கிறார்கள். சந்தேகம் கரைந்து, ஒருவரையொருவர் கூப்பிடும் பெயர்கூட மாறிவிடுகிறது. அங்கே 'அவர்' என்ற சொல் எனக்குக் குளிர ஆரம்பித்தது. அவ்வளவு நெருங்கியவரை எப்படி 'அவர்' என்பது? நெருக்கம் வேண்டுமென்றால் அவனா அவளா என்று தேர்ந்தெடுத்தாக வேண்டும், இரண்டும் பொய். மரியாதைக்குள் பாலை மறைக்கத் தெரிந்த நம் மொழி, நெருக்கத்துக்குள் மறைக்க இடம் வைக்கவில்லை. ரொம்ப நேரம் யோசித்தபின் தோன்றியது: 'நீ' இருக்கிறதே! "நீ சாப்பிட்டாயா" என்பதில் பால் இல்லை. கதைசொல்லும்போது அவர் அவராகவே இருக்கட்டும். கூடாரத்துக்குள் பேசும்போது மட்டும் ஒரு இரவில் 'நீங்கள்' உதிர்ந்து 'நீ' வரட்டும். யாராவது இதைத் தமிழில் செய்வதாக இருந்தால் அந்த ஒரு இரவுக்காகவே புத்தகத்தை வாங்குவேன்.

மிகுபுனைவு, அதாவது ஃபேன்டசி, பக்கம் இரண்டு. சுசானா கிளார்க்கின் 'பிரனேசி' (2020), முடிவில்லாத மண்டபங்களும் சிலைகளும் கொண்ட ஒரு வீட்டில் வாழும் ஒருவனின் நாட்குறிப்பு. கீழ்த்தளங்களில் கடல் ஏறி இறங்கும், மேல்தளங்களில் மேகம் திரியும். உலகில் இதுவரை இருந்தவர்கள் மொத்தம் 15 பேர், அதில் 13 பேர் எலும்புகள் என்று அவன் நம்புகிறான். அந்த எலும்புகளுக்குப் பூ வைக்கிறான், சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறான். அவனுக்கு ஒரு பெரிய அநியாயம் நடந்திருக்கிறது என்று நமக்கு அவனுக்கு முன்பே தெரிந்துவிடும். அது தெரிந்த பிறகு அவனுடைய நன்றியுணர்வைப் பார்ப்பதுதான் வேதனை. வீடு, மண்டபம், சிலை என்ற சொற்களை எல்லாம் அவன் பெரிய எழுத்தில் தொடங்கி எழுதுகிறான், கடவுள் பெயரைப்போல. தமிழில் பெரிய எழுத்து கிடையாது. ஆனால் "வீடு எனக்கு மீன் தந்தார்" என்று எழுதிப் பாருங்கள். அந்தப் பெரிய எழுத்து செய்த வேலையை நம் வினைமுற்று செய்துவிடுகிறது.

கடைசியாக, வஜ்ர சந்திரசேகரவின் 'செயின்ட் ஆஃப் பிரைட் டோர்ஸ்' (2023). கொழும்பைச் சேர்ந்தவர், சிறந்த நாவலுக்கான நெபுலா விருது பெற்றது. பிறந்தவுடன் தாயால் நிழல் பிய்க்கப்பட்டவன் ஃபெட்டர். தன் தந்தையான மகானைக் கொல்லவே அவனை அவள் வளர்க்கிறாள். ஃபெட்டர் என்றால் தளை. புத்தரின் மகன் ராகுலனுக்குப் பெயர் வந்த கதையும் அதே பொருளில்தான் சொல்லப்படுகிறது. அதைத் தெரிந்துகொண்டு படித்தால் ஆசிரியர் எங்கே கைவைக்கிறார் என்பது விளங்கும். ஃபெட்டர் பெருநகருக்கு ஓடிவருகிறான். அங்கே யாராலும் திறக்க முடியாத, மறுபக்கமே இல்லாத வண்ணக் கதவுகள் இருக்கின்றன. அவற்றைவிட என்னை அச்சுறுத்தியது அந்த நகரத்தின் காகிதங்கள். இனம், சாதி, அடையாள ஆவணம், தனிமை முகாம், இடையிடையே கலவரம். கலவரம் அங்கே மழைக்காலம்போல வந்துபோகிறது.

83 ஜூலையில், இலங்கையில் தமிழருக்கு எதிரான கலவரத்தில், வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு தேடி வந்தார்கள் என்பதைக் கேட்டு வளர்ந்த தமிழ் வாசகருக்கு இந்தப் பக்கங்கள் கற்பனையாகவே தெரியாது. மற்ற நாவல்கள் சிலந்தியையும் கல்லையும் உயர்திணைக்குக் கொண்டுவரப் பாடுபடுகின்றன. இங்கே ஒரு அரசாங்கம் மனிதர்களை, படிவம் படிவமாக, மறுபக்கம் தள்ளிக்கொண்டிருக்கிறது. நடுவில் முகாம் பகுதி நீண்டுபோய் வாசகரைத் தவிக்கவிடுகிறது. அதைக் குறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முகாமில் இருப்பவருக்கும் அது எப்போது முடியும் என்று தெரியாது. கதையை யார் சொல்கிறார்கள் என்பதும் தாமதமாகத்தான் தெரியவரும். தெரிந்ததும் முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போனேன்.

எதில் தொடங்கலாம் என்று கேட்டீர்கள். சுஜாதாவிலிருந்து வருகிறவருக்கு 'பிராஜக்ட் ஹெய்ல் மேரி' எளிதாக ஓடும். இலக்கிய நாவல்தான் பழக்கம் என்றால் 'பிரனேசி', சிறியதுதான், மூன்று நாளில் முடிந்துவிடும். அப்புறம் நேராக 'சில்ட்ரன் ஆஃப் டைம்' போங்கள். சிலந்தி என்றால் பயம் என்பவர்கள் முதல் ஐம்பது பக்கம் மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இப்போது அதன் தொடர்ச்சியான 'சில்ட்ரன் ஆஃப் ரூயின்' (2019) படித்துக்கொண்டிருக்கிறேன். இதில் அறிவு பெறுவது ஆக்டோபஸ். ஆசையும் கோபமும் தலையில் எழுகின்றன; அதை எப்படிச் செய்வது என்ற கணக்கை எட்டுக் கைகளும் தாங்களாகவே போட்டுக்கொள்கின்றன. கை ஏன் அப்படிச் செய்தது என்று தலைக்கே தெரிவதில்லை. திணையும் பாலும் போய், இப்போது எனக்கு ஒருமையா பன்மையா என்பதே தடுமாற்றமாக இருக்கிறது. நேற்றிரவு படித்த பக்கத்தை "அவர் முடிவெடுத்தார்" என்றும் சொல்லிப் பார்த்தேன், "அவர்கள் முடிவெடுத்தார்கள்" என்றும் சொல்லிப் பார்த்தேன். இன்னும் பாதிப் புத்தகம் இருக்கிறது.